பிரிட்டனில் உயரும் ஓய்வூதிய வயது: விடுபட்ட ஆண்டுகளே பெரிய கேள்வி

பிரிட்டனில் அரச ஓய்வூதியம் பெறுவதற்கான வயதை 66-இலிருந்து 67-ஆக உயர்த்த 2014ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் வகை செய்தது. 2026 ஏப்ரலுக்கும் 2028 ஏப்ரலுக்கும் இடையே படிப்படியாக நடைமுறைக்கு வரும் மாற்றம் இது. 1960 ஏப்ரல் 6ஆம் தேதி முதல் 1961 மார்ச் 5ஆம் தேதி வரை பிறந்தவர்களுக்கு 66 வயதுக்கு மேல் சில மாதங்கள் கூடும். அதற்குப் பின்னர் பிறந்தவர்கள் குறைந்தது 67 வயது வரை காத்திருக்க வேண்டும்.

பணியிட, தனியார் ஓய்வூதியச் சேமிப்புகளிலும் மாற்றம் உண்டு. அவற்றிலிருந்து பணம் எடுப்பதற்கான குறைந்தபட்ச வயது 2028 ஏப்ரல் 6ஆம் தேதி 55-இலிருந்து 57-ஆகிறது. கடும் நோயுற்றவர்களுக்கும் சில பழைய திட்டங்களில் உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. 55 வயதில் இந்தப் பணத்தைக் கொண்டு வீட்டுக் கடனை அடைக்க எண்ணியிருக்கும் ஏனையோர் தமது திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

பதிவில் உள்ள இடைவெளிகள்

வயது உயர்வைக் காட்டிலும், 1980களிலும் 90களிலும் போர் காரணமாக வந்து குடியேறிய இலங்கைத் தமிழர்கள் பலருக்குக் கவலை தரக்கூடியது தேசியக் காப்புறுதிப் பதிவு. புதிய அரச ஓய்வூதியத்தை முழுமையாகப் பெறப் பொதுவாக 35 ஆண்டுகள் தேவை. 10 ஆண்டுகளுக்குக் குறைந்தால் எதுவும் கிடைக்காது. வேலை அனுமதியின்றிக் காத்திருந்த காலமும், கணக்கில் காட்டாமல் கையில் ஊதியம் பெற்ற காலமும் இந்தக் கணக்கில் சேருவதில்லை.

வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்த தாய்மாருக்கு ஒரு வழி உண்டு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான சிறார் கொடுப்பனவு அவர்களது பெயரில் கோரப்பட்டிருந்தால் அந்த ஆண்டுகள் பதிவில் சேரும். வேலைக்குச் செல்லும் கணவரின் பெயரில் கோரப்பட்டிருந்தால், அந்த ஆண்டுகளைத் தமது பெயருக்கு மாற்றித் தருமாறு விண்ணப்பிக்கலாம்.

விடுபட்ட ஆண்டுகளைப் பணம் செலுத்தி நிரப்பவும் முடியும். 2006ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்ல அளிக்கப்பட்ட சிறப்பு வாய்ப்பு 2025 ஏப்ரல் 5ஆம் தேதியுடன் முடிவடைந்தது. அதன் பின்னர், கடந்த 6 ஆண்டுகளுக்கு மட்டுமே செலுத்தலாம் என்பதே பொது விதி. 2025-26 விகிதப்படி ஓர் ஆண்டை நிரப்ப ஏறத்தாழ 923 பவுண்டுகள் செலவாகும். அதனால் ஓய்வூதியம் ஆண்டுக்குச் சுமார் 342 பவுண்டுகள் வரை உயரும். அதாவது, செலுத்திய தொகை மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். ஆயினும் 2016க்கு முந்தைய பதிவு உள்ளவர்களுக்குக் கணக்கு மாறுபடும். சில ஆண்டுகளை நிரப்புவதால் அவர்களுக்குப் பலன் இல்லாமலும் போகலாம்.

தாயகம் திரும்புவோர்

இலங்கையிலோ இந்தியாவிலோ நிரந்தரமாகக் குடியேறுபவர்களுக்கு அரச ஓய்வூதியம் தொடர்ந்து கிடைக்கும். ஆனால் ஆண்டுதோறும் வழங்கப்படும் உயர்வு கிடைக்காது. முதுமையில் ஊர் திரும்ப விரும்புவோர் கருத்திற்கொள்ள வேண்டிய முக்கிய விடயம் இது.

1995ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் ஓய்வூதிய வயதை 60-இலிருந்து உயர்த்தியபோது, உரிய காலத்தில் அறிவிப்புக் கிடைக்கவில்லை எனப் பலர் முறையிட்டனர். அரச துறை அவர்களுக்குத் தகவல் தருவதில் தவறியது என 2021இல் நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரி முடிவு செய்தார். எனவே அரசின் கடிதத்துக்காகக் காத்திருப்பது உகந்ததல்ல. ஓய்வூதிய மதிப்பீட்டை அரச இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். முதலில் அதைச் சரிபார்த்து, விடுபட்ட ஆண்டுகளை நிரப்புவதால் பலன் உண்டா என ஓய்வூதியத் துறையிடம் கேட்டறிந்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.