கடைமடையின் வழக்கு

ஆற்றின் மேற்கரையில் வாழ்பவர், கீழே அந்நீரைப் பருகுவோரின் முகத்தைக் காண்பதில்லை. காணாத அயலாருக்குத் தீங்கிழைப்பது எளிது. நொய்யல் ஆற்றின் கதை நமக்கு உணர்த்துவது இதனையே.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கின்றது. திருப்பூரில் வளர்ந்த பின்னலாடைத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதனை நாம் பழிக்க வரவில்லை. நாம் உடுத்தும் பனியனும் அங்கிருந்து வந்ததாகவே இருக்கலாம். ஆயினும், பருத்தித் துணிக்குச் சாயமேற்ற ஏராளமான நீரும் உப்பும் வேண்டும். துணியில் ஏறாத சாயமும் மிஞ்சிய உப்பும் கழிவுநீராய் ஆற்றில் இறங்கின. சாயத்தையேனும் கண் காணும். கரைந்த உப்பைக் காணாது. சாதாரணச் சுத்திகரிப்பும் அதனை அகற்றாது. அது நிலத்தில் ஊறிக் கிணறுகளைக் கெடுத்தது.

பாசனத்திற்கென 1992-ஆம் ஆண்டு ஒரத்துப்பாளையத்தில் கட்டி முடிக்கப்பட்ட அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணை திறவாதா என ஏங்க வேண்டிய உழவர்களே, திறக்க வேண்டாமென மன்றாடும் அவலம் நேர்ந்தது!

சட்டம் இல்லாமலா இவ்வாறு நேர்ந்தது? நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே இயற்றப்பட்டது. எனினும் ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. கழிவுநீர் ஒரு துளியும் ஆற்றில் சேரலாகாது என 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மாசுபடுத்தியோரே இழப்பிற்கு ஈடுசெய்ய வேண்டுமென்பதை 2009-இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. ஆணைகள் நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. அதன்பின், நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறையை ஏற்ற பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. இயலாதென்று சொல்லப்பட்டது இயன்றது. ஆனால் சட்டம் பிறந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

கட்டுப்பாடு தொழிலுக்குப் பகையன்று. பெரும்பொருள் செலவிட்டுக் கழிவைச் சுத்திகரிக்கும் நேர்மையாளர், இரவில் அதனைத் திறந்துவிடும் ஒருவரோடு எவ்வாறு போட்டியிட இயலும்? கண்காணிப்பு அவரையும் காக்கின்றது. கடைமடை உழவரையும் காக்கின்றது.

ஆகவே, ஆற்றுநீரும் கிணற்றுநீரும் முறையாகச் சோதிக்கப்பட்டு, முடிவுகள் ஊராட்சிதோறும் மக்கள் அறிய அறிவிக்கப்பட வேண்டும். தவறியோர் மீது தாமதமின்றி நடவடிக்கை வேண்டும். நம் ஊர் ஆற்றின் நிறம் மாறும்போது நாமும் வாளாவிருத்தலாகாது. நாம் காணாத அயலார் ஒருவர், கீழே குடத்தோடு காத்திருக்கின்றார்.