டேலியாவுக்குப் பதில் சம்பங்கி



கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் டேலியாவைப் பார்த்து மயங்கி, கிழங்கை விலை கொடுத்து வாங்கி வரும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பெரும்பாலும் அது வீண்செலவு. டேலியா மெக்சிகோ நாட்டு மலைச்செடி, குளிர்ச்சி கேட்கும். இருக்கன்குடி வெயிலில் வாடிவிடும்; கரிசலில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

அதே மெக்சிகோவிலிருந்து வந்த சம்பங்கியோ நம் வெயிலைத் தாங்கும். ஜூன், ஜூலையில் 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளை, தொழுவுரம் கலந்த மேட்டுப்பாத்தியில் ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். ஒருமுறை நட்டால் மூன்று ஆண்டு வரை பூக்கும். தொடுக்க ஓரடுக்குப் பிரஜ்வல். ஜாடிக்கு அடுக்குப்பூ சுவாசினி.

உதிரிப்பூவை ஃபஜ்ர் தொழுததும், வெயில் ஏறுமுன் பறித்துவிடுங்கள். ஜாடிக்கானால், தண்டின் கீழ்ப்பூ ஒன்றிரண்டு விரிந்ததுமே கூரான கத்தியால் வெட்டி, உடனே தண்ணீரில் வையுங்கள். மேல்மொட்டுகள் வீட்டில் ஒவ்வொன்றாக விரியும். தினமும் தண்ணீரை மாற்றி, தண்டின் அடியைச் சிறிது நறுக்கிவிட்டால் வாட்டம் தள்ளிப்போகும்.

பட்டாசு ஆலை வேலைக்குப் போக இயலாத சகோதரிகள் கொல்லையில் நான்கு வரிசை போட்டால், கைச்செலவுக்குச் சிறிது காசு வரும். நோயாளியை நலம் விசாரிக்கப் போகும்போது, நம் வீட்டுப் பூ ஒரு கொத்து கையில் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.