அமெரிக்கக் குடியுரிமை: வக்கீல் எப்போது தேவை?

கிரீன் கார்டு கைக்கு வந்து ஐந்து ஆண்டு நெருங்குகிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கும். கூடவே ஒரு கேள்வியும்: வக்கீல் வைக்க வேண்டுமா, நாமே போட்டுவிடலாமா?

சட்டப்படி வக்கீல் கட்டாயமில்லை. சிக்கல் எதுவும் இல்லாதவர்கள் தாங்களே விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கலாம். ஆனால் சிலர் வக்கீலைப் பார்க்காமல் விண்ணப்பிக்கவே கூடாது. நீங்கள் எந்த வகை என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

யார் விண்ணப்பிக்கலாம்? நேச்சுரலைசேஷன் (பிறப்பால் அல்லாமல், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் முறை) கோர 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு பெற்று 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு 3 ஆண்டு போதும். அந்தக் காலத்தில் பாதி நாளாவது நீங்கள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். காலம் நிறைவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பத்தை அனுப்பலாம்.

எதை நிரப்ப வேண்டும், எவ்வளவு செலவு? படிவத்தின் பெயர் என்-400. 2024 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணப்படி இணையத்தில் 710 டாலர், காகிதத்தில் 760 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணக் குறைப்பும் விலக்கும் உண்டு. வக்கீல் கட்டணம் இதில் சேராது.

வெறும் படிவம்தானே, இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். விண்ணப்பித்தவுடன், நீங்கள் முதலில் விசா வாங்கிய நாளிலிருந்து உள்ள உங்கள் கோப்பு முழுவதையும் குடியேற்றத் துறை அதிகாரி புரட்டுவார். பழைய தவறு ஏதாவது வெளியே வந்தால் விண்ணப்பம் தள்ளுபடி ஆவதோடு முடியாமல் போகலாம். கிரீன் கார்டே பறிபோய், நாடு கடத்தும் வழக்கு வரை போகக்கூடும். அதனால்தான் வக்கீலைப் பார்ப்பதென்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஊருக்குப் போய் நீண்ட நாள் இருந்தால் சிக்கலா? ஆம். ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், நீங்கள் தொடர்ந்து அமெரிக்காவில் வசிக்கவில்லை என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார். அப்பாவின் உடல்நிலைக்காகத் திருச்சியில் 7 மாதம் தங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலையை விடவில்லை, வீட்டு வாடகை கட்டினீர்கள், மனைவி மக்கள் இங்கேயே இருந்தார்கள், வரி கட்டினீர்கள் என்று காகிதத்தில் காட்டினால் தப்பலாம். இந்தக் காகிதங்களை அடுக்கித் தருவதில் வக்கீலின் உதவி பெரிது. வெளியே இருந்தது ஓராண்டோ அதற்கு மேலோ என்றால், பெரும்பாலும் காலத்தைப் புதிதாக எண்ண வேண்டியிருக்கும்.

போலீஸ் வழக்கு எப்போதோ முடிந்துவிட்டதே? முடிந்திருந்தாலும் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, கடையில் பொருள் திருடியது, வீட்டுச் சண்டையில் போலீஸ் வந்து கைது செய்தது எல்லாமே இதில் அடங்கும். நீதிமன்றம் பதிவை அழித்துவிட்டது என்பதற்காக மறைக்கக் கூடாது. மறைத்தது தெரிந்தால் அந்தப் பொய்யே தனிக் குற்றம். நீதிமன்றத்திடம் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, அதோடு வக்கீலிடம் போங்கள்.

ஓட்டுப் போட்டதே இல்லை, அதில் எனக்கென்ன கவலை? ஒன்றைச் சரிபாருங்கள். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். தெரியாமல் அதில் டிக் அடித்தவர்கள் உண்டு. படிவம் என்-400 இதை நேரடியாகவே கேட்கிறது. குடிமகன் ஆகாமல் பதிந்திருந்தாலோ ஓட்டுப் போட்டிருந்தாலோ, வக்கீல் சொல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே வேண்டாம். வரி பாக்கி உள்ளவர்களுக்கும், முன்பு விசா விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறான தகவல் தந்தவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

நேர்காணலில் ஆங்கிலத் தேர்வு உண்டு; அம்மா, அப்பாவுக்கு ஆங்கிலம் வராதே? 50 வயதுக்கு மேல் ஆகி, கிரீன் கார்டோடு 20 ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. 55 வயதுக்கு மேல் என்றால் 15 ஆண்டு போதும். அமெரிக்க வரலாறு, ஆட்சிமுறை பற்றிய கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தமிழிலேயே பதில் சொல்லலாம். உடல்நலக் குறைவாலோ மறதி நோயாலோ படிக்க முடியாதவர்களுக்கு, மருத்துவர் நிரப்பித் தரும் என்-648 என்ற படிவம் இருக்கிறது. இதை அரைகுறையாக நிரப்பினால் ஏற்கமாட்டார்கள். இங்கும் வக்கீல் உதவுவார்.

யாரை நம்பலாம்? அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீலை நம்பலாம். உரிமம் நடப்பில் உள்ளதா என்று அந்த மாநில வழக்கறிஞர் அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்க நீதித் துறை அங்கீகரித்த தொண்டு நிறுவனப் பிரதிநிதிகளும் குறைந்த செலவில் உதவுவார்கள். நோட்டரியிடம் போகாதீர்கள். நம் ஊரில் நோட்டரி என்றால் பெரும்பாலும் வக்கீல். அமெரிக்காவில் பொதுவாகக் கையெழுத்துக்குச் சாட்சி சொல்பவர் மட்டுமே. சட்ட ஆலோசனை தர அவருக்கு உரிமை கிடையாது.

வக்கீல் உண்மையில் என்ன செய்வார்? கோப்பைப் படித்து, விண்ணப்பிக்கலாமா, பொறுக்கலாமா என்று சொல்வார். ஜி-28 படிவம் (இவர் என் வக்கீல் என்று அரசுக்குத் தெரிவிப்பது) தாக்கல் செய்து, நேர்காணலில் உங்கள் அருகில் உட்காருவார். ஆனால் உங்களுக்காக அவர் பதில் சொல்ல முடியாது. மொத்தக் கட்டணம் எவ்வளவு, அதில் எவையெல்லாம் அடக்கம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் தள்ளுபடி ஆனால்? ஆங்கிலத்திலோ வரலாற்றுக் கேள்விகளிலோ தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்புத் தருவார்கள். அதன்பிறகும் மறுத்தால், 30 நாளுக்குள் என்-336 படிவத்தில் மறுவிசாரணை கேட்கலாம். இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

கடைசிப் படியாக அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகு இந்தியப் பாஸ்போர்ட் என்ன ஆகும்? இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. உறுதிமொழி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்யாமல் அதை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) விண்ணப்பியுங்கள்.

கைது, நீண்ட பயணம், வாக்காளர் பதிவு, வரி பாக்கி, பழைய பொய்த் தகவல். இந்த ஐந்தில் ஒன்றுகூட உங்களுக்கு இல்லையென்றால் தைரியமாக நீங்களே விண்ணப்பியுங்கள். ஒன்று இருந்தாலும், முதலில் வக்கீலிடம் போய் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.