அரிவாள் அணுச் சோகை: அங்கத்தினர் அறிய வேண்டுவன

பாவில் ஓரிழை பிசகினால் அக்குறை சேலையின் நீளம் முழுதும் தொடர்வதை நெசவாளர் அறிவர். பெற்றோரிடமிருந்து மக்களுக்குத் தொடரும் நோய்களும் உண்டு. அவற்றுள் ஒன்று அரிவாள் அணுச் சோகை. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்ணிய நாளங்களை அடைப்பதால் கடும் வலியும் சோகையும் உண்டாகின்றன. இந்தியாவில் இந்நோய் 1952-ல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே கண்டறியப்பட்டது.

தாய் தந்தை இருவரும் இக்குறையைத் தாங்கியவராயின், ஒவ்வொரு மகவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாங்கியவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார், சோதித்தாலன்றித் தெரியாது.

சோதனைக்குச் சில துளி இரத்தம் போதும். நோயுற்றோரின் வலியைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்தும் உண்டு. எனினும், மலைக்குடியிலிருந்து மருத்துவமனை சென்று வர ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். ஆதலின் சோதனையே மக்களை நாடிச் செல்லுதல் முறை. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய இயக்கம், 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதித்து அட்டை வழங்கும் நோக்குடையது.

நாம் செய்யத்தக்கது யாது? மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கங்கள், விளைபொருள் கொள்முதல் செய்யும் நாளிலேயே சோதனை முகாமுக்கு இடமளிக்கலாம். அட்டையில் கண்டதை அவருடைய இசைவின்றிப் பிறர்க்கு உரைத்தலாகாது. அதனைக் காட்டி ஒரு பெண்ணின் மணத்தைத் தடுப்போமாயின், அடுத்த முகாமுக்கு ஒருவரும் வாரார்.