வீட்டுப் பட்டறையில் ஒரு விரைவு வண்டி

விழா மலருக்கு யாதேனும் எழுதித் தருக என்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, சமயம் பற்றியோ இலக்கியம் பற்றியோ யாம் எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அத்துறைகளில் எழுத வல்லார் நம் பழைய மாணவருட் பலர் உளர். எமக்குத் தெரிந்ததோ வேறு. குண்டசாலையில் எம் வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில், உடன்பயின்ற நண்பர் இருவரோடு ஞாயிறுதோறும் கை கறுக்கச் செய்துவந்த வேலையே அது. தேயிலைத் தோட்டமொன்றின் கொட்டிலிற் கிடந்த பழைய போர்ட் வண்டியின் எலும்புக்கூட்டை வாங்கி, கூரையற்ற இருவர் வண்டியாகப் பழைய முறையிற் கட்டியெழுப்பினோம். அமெரிக்கர் இத்தகைய வண்டியை ‘ஹொட் ரொட்’ என்பர். அஃது எவ்வாறு தோன்றியது, அதனைக் கட்டுவோன் அறியவேண்டிய பௌதிகம் யாது, யாம் எங்கே தவறினோம் என்பனவற்றை இங்கே கூறுவோம்.

தோற்றமும் பெயரும்

போர்ட் நிறுவனம் 1908 முதல் 1927 வரை ‘ரி’ மாதிரி வண்டியை ஒன்றரைக் கோடிக்கு மேற் செய்து விற்றது. அதனைத் தொடர்ந்து வந்த ‘ஏ’ மாதிரி 1931 வரை செய்யப்பட்டது. 1932இல், எளியவரும் வாங்கத்தக்க விலையில், எட்டுச் சிலிண்டர்களை ‘வி’ வடிவில் அமைத்த 65 குதிரைவலு எஞ்சினை அந்நிறுவனம் வெளியிட்டது. இவ்வண்டிகள் பழையனவாகி மலிந்தபொழுது, கலிபோர்ணியா மாநிலத்து இளைஞர் அவற்றை வாங்கி, சேற்றுத்தட்டு, கூரை முதலிய பாரங்களைக் கழற்றியெறிந்து, எஞ்சினைத் திருத்தி, மியூறொக் முதலிய வறண்ட ஏரித் தரைகளில் வேகம் பார்த்தனர். அவர்தம் கழகங்கள் 1937இல் ஒரு சங்கமாக இணைந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்து, படையிற் பொறித்தொழில் பயின்ற இளைஞர் வீடு திரும்பியபின் இக்கலை பெருகிற்று. ‘ஹொட் ரொட்’ என்னும் பெயரிலேயே 1948 சனவரியில் ஒரு சஞ்சிகை தோன்றியது. அடுத்த ஆண்டில் யூற்றா மாநிலத்துப் பொனவில் உப்புத்தரையில் வேக வாரம் தொடங்கியது. ‘ஹொட் ரோட்ஸ்டர்’ என்பதன் சுருக்கமே இப்பெயர் என்பர் ஒரு சாரார்.

பிரித்தானியாவில் இதே ஆர்வம் ஒஸ்ரின் ஏழு என்னும் சிறு வண்டியைப் பற்றி வளர்ந்தது. கொலின் சப்மன் என்னும் இளைஞர் 1948இல் பழைய ஒஸ்ரின் ஏழு ஒன்றைக் கொண்டு இலண்டனிற் கட்டிய வண்டியே பின்னர் உலகப்புகழ் பெற்ற லோட்டஸ் வண்டிகளின் முதலாவதாகும். நம் நாட்டில், நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. மலைநாட்டு வளைவுகளில் வண்டியைச் சோதிக்கும் ஆசை இங்கும் புதியதன்று என்பதற்கு அதுவே சான்று.

தமிழரிடையே கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களை இவ்விடத்து நினையாதிருத்தல் இயலாது. மோட்டார்ச் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதனைக் கழற்றியும் பூட்டியுமே பொறித்தொழிலைத் தாமே கற்றவர் அவர். 1952இல் இருவர் செல்லத்தக்க சிறு பெற்றோல் கார் ஒன்றை வடிவமைத்து, இரண்டாயிரம் ரூபாய்க்குத் தரலாம் என்றார். அரசின் உரிமம் கிட்டாமையால் அது சந்தைக்கு வரவில்லை. கழற்றிப் பார்த்தலே அவருக்குக் கல்லூரியாயிற்று.

சட்டகமும் முன்னச்சும்

வண்டியின் முதுகெலும்பு சட்டகம். ‘ஏ’ மாதிரியின் சட்டகம் இரு நீள உருக்குச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட ஏணி போன்றது. எட்டு தசாப்தங்களுக்கு மேற்பட்ட ஏணி நேராக இருக்கும் என்று நம்புதல் பேதைமை. முன்மூலையிலிருந்து எதிர்ப் பின்மூலைக்கு நூல்பிடித்து இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். அவை ஒத்தால் சட்டகம் சதுரம். ஒவ்வாவிடின் முதலில் அதனை நிமிர்த்துக. எமது சட்டகத்தில் அரை அங்குலம் வேறுபாடிருந்தது. அதனை நேராக்க மூன்று ஞாயிறுகள் சென்றன. வளைந்த சட்டகத்தின்மேற் பூட்டும் ஒவ்வொன்றும் வளைந்தே நிற்குமாதலின், அம்மூன்று நாள்களும் வீணாகவில்லை.

வண்டி தாழ்ந்திருப்பின் அதன் ஈர்ப்புமையமும் தாழும். வளைவிற் கவிழும் இயல்பு குறையும். இதற்காக முன்னச்சின் இரு முனைகளையும் மேல்நோக்கி வளைத்துச் செய்த தாழ்த்திய அச்சைப் பூட்டுவர். அச்சு சற்றே பின்சாய்ந்திருத்தல் வேண்டும். சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதாலன்றோ கைவிட்டாலும் அது நேரே செல்கின்றது? அதே நியாயம்தான் இங்கும். ஐந்து முதல் ஏழு பாகை வரை சாய்வு கொடுத்தால், திருப்பிய சில்லு தானே நேர்நிலைக்கு மீளும்.

ஸ்ரியறிங் கைகளுக்கும் ஒரு கணக்குண்டு. வண்டி திரும்பும்போது உட்புறச் சில்லு சிறுவட்டத்திலும் வெளிப்புறச் சில்லு பெருவட்டத்திலும் செல்வதால், இரண்டும் ஒரே கோணத்திற் திரும்பலாகாது. கைகளின் கோட்டை நீட்டினால் இரண்டும் பின்னச்சின் நடுவிற் சந்திக்குமாறு அமைப்பின், ஒவ்வொரு சில்லும் தனக்கு வேண்டிய கோணத்தைப் பெறும். கேத்திரகணிதத்தை வெறும் பரீட்சைப் பாடமாகக் கருதும் மாணவர் இதனைக் கவனிப்பாராக.

எஞ்சின்

எட்டுச் சிலிண்டர் எஞ்சினுக்கு எம் பணப்பை இடந்தரவில்லை. வண்டியோடு வந்த நான்கு சிலிண்டர் எஞ்சினையே வைத்துக்கொண்டோம். அதன் கொள்ளளவு 3.3 லீற்றர்; வலுவோ 40 குதிரைவலு மட்டுமே. இன்றைய சிறு கார் ஒன்று இதனிலும் மூன்றிலொரு பங்கு கொள்ளளவில் இதனிலும் கூடிய வலுவைத் தருகின்றது. காரணம் யாது?

எஞ்சின் என்பது காற்றையும் பெற்றோலையும் உறிஞ்சி, அமுக்கி, எரித்து, வெளியேற்றும் ஒரு கருவி. ஆகவே வலுவைக் கூட்ட வழிகள் சிலவே உள. கூடிய காற்றை உள்ளே விடலாம். இதற்கே காபரேற்றர் இரண்டு வைப்பர். வால்வுகள் நெடுநேரம் திறந்திருக்கச் செய்யலாம். இதற்கே வால்வைத் தள்ளும் தண்டின் முகடுகளை வேறு வடிவிற் கடைவர். எரிந்த புகை தடையின்றி வெளியேற வழிவிடலாம். உறிஞ்சிய கலவையை மேலும் நெருக்கி அமுக்கலாம். ‘ஏ’ மாதிரி எஞ்சின் கலவையை 4.2 மடங்கே அமுக்கும். மேல்மூடியை மாற்றி யாம் அதனை 5.5 மடங்காக்கினோம். எரியுமுன் எவ்வளவு அமுக்குகின்றோமோ, எரிந்தபின் அவ்வளவு விரிவு பயன்படும் வேலையாக மாறுகின்றது.

அவ்வாறாயின் எட்டு மடங்கு அமுக்கினால் என் என்று கேட்கலாம். இவ்வெஞ்சினின் சுழல்தண்டை மூன்று தாங்கிகளே தாங்குகின்றன. அவையும் வெள்ளீயக் கலவையை உருக்கி வார்த்தவை. இணைதண்டுகளுக்கு எண்ணெய் தெறிப்பினாலேயே கிட்டுகின்றது. அளவு மீறிய அழுத்தம் தாங்கிகளை நொறுக்கிவிடும். ஓருறுப்பின் வலிமையைக் கூட்டுமுன், அதனைத் தாங்கும் உறுப்பின் வலிமையை அறிக என்பதே பட்டறையின் முதற் பாடம்.

கிடையாத சிறு உறுப்புகளுக்காக யாம் கொழும்புக்கு ஓடவில்லை. குண்டசாலையைச் சேர்ந்த நத்தரம்பொத்தையிற் கலாபுரம் என்னும் கைவினைஞர் கிராமம் உளது. பித்தளையும் வெள்ளியும் அங்குள்ளார் கையில் மெழுகுபோல் இசையும். எம் றேடியேற்றர் மூடியை அங்கு ஒருவர் வார்த்துத் தந்தார். கூலியைக் காட்டிலும், அஃது எவ்வாறு பொருந்திற்று என்று காண்பதிலேயே அவர் கருத்தூன்றினார்.

யாம் செய்த பிழை

பழைமை கெடலாகாது என்னும் பிடிவாதத்தால், ‘ஏ’ மாதிரிக்குரிய கம்பியால் இழுக்கும் பிறேக்கையே வைத்திருந்தோம். போர்ட் நிறுவனமே 1939ஆம் ஆண்டு வண்டிகளில் அதனை விட்டுத் திரவத்தால் அழுத்தும் பிறேக்குக்கு மாறிற்று. பழைய முறையில் ஹொட் ரொட் கட்டுவோரும் அத்திரவப் பிறேக்கையே தேடிப் பூட்டினர். நண்பரொருவர் இதனைப் பன்முறை எடுத்துரைத்தார். யாம் கேட்கவில்லை.

கண்டியிலிருந்து திகணை, தெல்தெனியா வழியாக மகியங்கனைக்குச் செல்லும் வீதியிற் பதினெட்டு வளைவு என்னும் இறக்கமுண்டு. ஒரு காலைப்பொழுது அந்நண்பரின் மகனை, நம் கல்லூரி மாணவனை, பக்கத்தில் இருத்திக்கொண்டு அவ்விறக்கத்தில் இறங்கினோம். பாதி வழியிற் பிறேக் மிதி பயனற்றுப் போயிற்று. கருகிய நாற்றம் எழுந்தது. கீழ்க் கியருக்கு மாற்ற முயன்றோம். அப்பழைய கியர்ப் பெட்டியிற் பற்சில்லுகள் தாமே ஒத்தியங்கா. இரட்டைக் கிளச்சு மிதித்து வேகத்தைச் சரியாகப் பொருத்தினாலன்றிக் கியர் விழாது. பதற்றத்தில் அது விழவில்லை. ஈற்றில் மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உரசவிட்டு நிறுத்தினோம். மறுபக்கம் பள்ளம். எவருக்கும் காயமில்லை. வெகுநேரம் பேசாதிருந்த சிறுவன் ஒரே ஒரு வினா விடுத்தான்: “பிறேக் ஏன் மாமா பிடிக்கவில்லை?”

அன்று மாலை கொட்டகையில் அவனோடு இருந்து போட்ட கணக்கு இது. நமது வண்டியும் இருவரும் சேர்ந்து 900 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து அதனை ஒருமுறை நிறுத்தப் பிறேக் ஏற்கும் சக்தி ஏறத்தாழ மூன்றேகால் இலட்சம் யூல். அதே வண்டி 400 மீற்றர் உயரம் இறங்குமாயின் வெளிவிடும் சக்தி முப்பத்தைந்து இலட்சம் யூல். அஃதாவது, 60 மைல் வேகத்திலிருந்து பதினொரு முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்கு ஒப்பாகும். பதினொரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணர அவ்வெப்பம் போதும். எஞ்சினைக் கொண்டு வேகத்தைத் தடுக்காவிடின், அவ்வெப்பத்திற் பெரும்பகுதி நான்கு பிறேக் உருளைகளுள்ளே சேர்கின்றது. உருளை சூடேறி விரிந்து கட்டைகளை விட்டு விலகும். கட்டைகளின் உராய்வும் குன்றும். மிதி இருக்கும்; பிடி இராது.

ஆகவே மலைநாட்டில் வண்டி செலுத்துவோர் எவரும் கொள்ளவேண்டிய விதி ஒன்றுண்டு. எந்தக் கியரில் மலை ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. அதனையும் இறக்கம் தொடங்குமுன்னரே தெரிந்தெடு. கணக்கை அச்சிறுவனே முடித்தான். அடுத்த ஞாயிறு திரவப் பிறேக்கைப் பூட்டத் தொடங்கினோம். நண்பர் எம்மை ஒரு சொல்லும் கடியவில்லை. அது கடிந்ததிலும் கடுமையாயிருந்தது.

சட்டமும் கடமையும்

வீட்டிற் கட்டிய வண்டியானாலும் பெருவீதியில் அது பிறர் உயிரோடு உறவுடையது. நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வண்டிகள் பதிவாகின்றன. எஞ்சினையோ உருவையோ மாற்றுவோர் அதனைத் திணைக்களத்தார்க்கு முன்னரே அறிவித்து இசைவு பெறுதல் வேண்டும். மாற்றியபின் மறைப்போம் என்பது, யாம் பிறேக்கிற் காட்டிய பிடிவாதத்தின் உடன்பிறப்பே.

இவ்வறிவு எதற்கு?

பொழுதுபோக்குக்கு இத்துணை உழைப்பா என்று சிலர் வினவுவர். அவர்க்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்டுவோம். 1990ஆம் ஆண்டின்பின் போர்த்தடையாற் பெற்றோல் கிடையாதபொழுது, அங்குள்ளார் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலின் சிறிதளவு பெற்றோலால் எஞ்சினை இயக்கிச் சூடாக்கி, பின் மண்ணெண்ணெய்க்கு மாறினர். அது நெருக்கத்தைத் தாங்காது தட்டும் எண்ணெய். அவ்வெஞ்சின்கள் தாழ்ந்த அழுத்தமுடையனவாதலாலேயே பொறுத்தன. கலிபோர்ணியா இளைஞர் வேகத்துக்காக அழுத்தத்தைக் கூட்டக் கற்ற அதே பாடத்தை, நம்மவர் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல மறுபுறமாகப் படித்தனர். அப்பாடத்தை நடத்தியவர் பட்டறைகளிற் கை கறுத்தவரே.

எம் கொட்டகைக்கு அண்மையிற் கல்மடுவை விகாரை உளது. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்க மன்னன் காலத்துக் கற்கட்டடம் அது; பௌத்த விகாரையாயினும் இந்துக் கோயிற் சாயல் அதன் கூரையில் விளங்குகின்றது. பலவிடத்துக் கலை ஓரிடத்திற் பொருந்தி நிற்கும் என்பதற்கு அதனை அடிக்கடி நண்பர்க்குக் காட்டுவோம். அமெரிக்கச் சட்டகமும், நத்தரம்பொத்தைப் பித்தளையும், நம் கல்லூரி ஆசிரியர் ஊட்டிய பௌதிகமும் சேர்ந்ததே எம் வண்டி.

படித்தவன் கை கறுத்தல் இழிவு என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. மாணவர் அதனை நீக்குவாராக. தொடங்க விரும்புவோர்க்கு வண்டியொன்று வேண்டுமென்பதில்லை. பழுதான தையல் இயந்திரமோ தண்ணீர்ப் பம்பியோ போதும். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் ஏன் அங்கிருந்தது என்று கேட்டு, கழற்றிய முறையின் எதிர்முறையிற் பூட்டுக. மீந்த ஆணி இருப்பின் மீண்டும் தொடங்குக. குண்டசாலைக்கு வரும் பழைய மாணவர்க்கும் இளையோர்க்கும் எம் கொட்டகைக் கதவு ஞாயிறுதோறும் திறந்திருக்கும். பதினெட்டு வளைவிற் கேட்ட வினாவை விடுத்த மாணவன் இப்பொழுது பிறேக்குக்குப் பொறுப்பாளன். அவன் பார்த்துத் தலையசைத்தாலன்றி வண்டி படலையைத் தாண்டுவதில்லை.