தோட்டத்துக் குழந்தைகளும் நியூமோனியாத் தடுப்பூசியும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் மழை மிகுந்தவை. அங்குள்ள பழைய லயன் அறைகளிற் பெற்றோரும் மக்களும் முதியோரும் நெருங்கி உறங்குவர். அடுப்பு விறகின் புகையும் அவர்களையே சூழும். பெற்றோர் வேலைத்தலம் செல்லக் குழந்தைகள் பிள்ளைக்காம்பராவில் ஒருங்கே வளர்வர். நெருக்கமும் புகையும் குழந்தைகளின் நியூமோனியாவுக்கு வாயில்களாம் என்பது மருத்துவ அறிஞர் உடன்பட்ட உண்மை. அவ்வாயிலில் முன்னிற்கும் கிருமி நியூமோகொக்கசு. அதனை வெல்லும் ஊசி ஆக்கப்பட்ட வகை அறியத்தக்கது.

இக்கிருமியை 1881 இல் பிரான்சில் பாசுச்சரும் அமெரிக்காவில் சுரேண்பேக்கும் தனித்தனியே கண்டனர். பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் இது தீங்கின்றி வாழும். சுவாசப்பையை அடைந்தால் நியூமோனியாவையும், மூளையைச் சூழ்ந்த மென்சவ்வை அடைந்தால் மூளைக்காய்ச்சலையும் விளைக்கும். இதன் வலிமை யாதெனின், உடலைப் போர்த்திருக்கும் பல்சக்கரைட்டு உறையே. அவ்வுறை காரணமாக வெண்குருதிக் கலங்கள் இதனை எளிதில் விழுங்கமாட்டா. உறையின் அமைப்பு வேறுபாட்டால் இக்கிருமி தொண்ணூறுக்கு மேற்பட்ட வகையினதாகும்.

உறைப்பொருளையே பிரித்தெடுத்து ஊசியாக ஏற்றினால் உடல் பிறபொருளெதிரிகளை ஆக்கும். இம்முறையில் 1977 இல் பதினான்கு வகைகளுக்கும், 1983 இல் இருபத்து மூன்று வகைகளுக்கும் ஊசிகள் வந்தன. ஆயின் அவை முதிர்ந்தோர்க்கே பயன்பட்டன. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளிடம் பெரும்பாலும் பயன் தரவில்லை. காரணம் யாது? ரி வகை நிணநீர்க்கலங்கள் புரதத்தின் கூறுகளையே கண்டுணர்வன. வெறும் சருக்கரைப் பொருளை உணரமாட்டா. அவற்றின் துணையின்றிக் குழந்தையின் முதிராத உடல் போதிய எதிரிகளை ஆக்குவதில்லை. பகையை நினைவிற் கொள்வதும் இல்லை. நோயால் மிக வருந்தும் பருவமே ஊசி பயன்படாப் பருவமாயிற்று.

இதற்குரிய தீர்வின் வித்து முன்னரே இடப்பட்டிருந்தது. 1931 இல் நியூயோர்க்கில் ஏவரி, கோபெல் என்னும் இருவர், மூன்றாம் வகைக் கிருமியின் பல்சக்கரைட்டைப் புரதமொன்றுடன் பிணைத்து முயல்களுக்கு ஏற்றி, எதிர்ப்பு உண்டாதலைக் காட்டினர். முன்பின் அறியாத ஒருவன் அறிந்தவனோடு கைகோத்து வரும்போது அவனும் அடையாளம் காணப்படுவது போன்றது இது. புரதத்தைக் கண்ட ரி கலங்கள் துணைக்கு வருகின்றன. சருக்கரைப் பொருளுக்கும் வலிய எதிரிகளும் நினைவும் உண்டாகின்றன. இதுவே இணைப்புத் தடுப்பூசியின் தத்துவம். ஈமோபிலசு பீ வகைக் கிருமிக்கு 1987 இல் இவ்வகை ஊசி அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. தொண்டைக்கரப்பன் நஞ்சின் தீங்கற்ற மாற்றுருவைப் புரதமாகக் கொண்டு, ஏழு நியூமோகொக்கசு வகைகளுக்கான ஊசி 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எனினும் அவ்வேழும் மேனாட்டு நிலையை நோக்கித் தேர்ந்தவை. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று 1990களில் இந்திய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்விலோ, முதலாம், ஐந்தாம் வகைகளும் பெருவழக்காகக் காணப்பட்டன. அவ்விரண்டும் ஏழனுள் இல்லை. பின்னர், பூனாவிலுள்ள இந்தியச் சீரம் நிறுவனம் அவ்விரண்டையும் உள்ளிட்ட பத்து வகை ஊசியை ஆக்கிற்று. உலகச் சுகாதார நிறுவனம் அதனை 2019 இல் ஏற்றது. வறிய நாடுகளுக்கு ஊசியொன்று இரண்டு டொலராக 2020 இல் விலை குறிக்கப்பட்டது. கிருமியின் வகையறிந்து ஆக்குதலும், ஏழையர்க்கு எட்டும் விலையில் ஆக்குதலும் ஒருங்கே வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

இத்தத்துவம் தோட்டத்துக் குழந்தைக்குப் புதிதன்று. 2008 இல் இலங்கை அரசு இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களுக்குரிய ஊசியிற் சேர்த்த ஈமோபிலசுக் கூறும் இணைப்பு வகையதே. மலைச்சரிவின் கடைசி லயன் வரை அது சென்ற வழியே நியூமோகொக்கசு ஊசியும் செல்லவல்லது. அதன் பயன் குழந்தையோடு நிற்பதன்று. மூக்கிலும் தொண்டையிலும் கிருமி தங்குவதை இவ்வூசி குறைத்தலால், அமெரிக்காவில் 2000 இன் பின் ஊசி ஏற்றப்படாத முதியோரிடத்தும் இந்நோய் குறைந்தது. ஓரறையிற் பேரனும் பாட்டியும் ஒருங்குறங்கும் தோட்டத்தில் இவ்வுண்மைக்கு மதிப்பு மிகுதி. குழந்தைக்கு இடும் ஊசி பாட்டிக்கும் காவலாகும். புகையகன்ற அடுப்பும், காற்றோட்டமுள்ள வீடும், தாய்ப்பாலும் அதனோடு சேருமாயின் அக்காவல் நிறைவெய்தும்.