எலுமிச்சை கிரீனிங் நோய்: பேர் ஒன்று, கிருமி பல

எலுமிச்சை, சாத்துக்குடி இலை மஞ்சளானா நம்மாளுங்க சட்டுன்னு சொல்ற பதில் "துத்தநாகக் குறை". பல நேரம் அது சரிதான். ஆனால் அது கிரீனிங் நோயாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரு பேனா போதும். இலையின் நடு நரம்புக்கு இரு பக்கமும் நேரெதிரே ரெண்டு வட்டம் போடுங்க. சத்துக் குறை என்றால் ரெண்டு வட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கிரீனிங் என்றால் ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள் என்று கண்டபடி திட்டுத்திட்டாக இருக்கும். சாத்துக்குடி, கமலா காய்கள் கோணலாகி, காம்புப் பக்கம் பழுத்தாலும் அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும்.

இதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா. இலையில் உண்டாகும் உணவை வேருக்குக் கொண்டுபோகும் குழாய்க்குள்ளேயே அது குடியிருக்கிறது. குழாய் அடைத்து, வேர் பட்டினி கிடந்து, மரம் நுனியிலிருந்து காய்கிறது. நம் நாட்டில் வெகுகாலம் இதை மண்ணின் குறை என்றே நினைத்தார்கள். இதைப் பரப்புவது சில்லிட் பூச்சி என்று 1967-ல் கபூர், ராவ், விஸ்வநாத் மூவரும் காட்டினார்கள்.

இந்தக் கிருமியைச் சோதனைக்கூடத் தட்டில் தனியாக வளர்த்து நிலைநிறுத்த இன்றுவரை முடியவில்லை. அதனால் பிரான்சின் போர்தோ நகர ஆய்வாளர்கள் நித்தியகல்யாணிச் செடியில் வைத்து வளர்த்தார்கள். எலுமிச்சை இனச் செடியிலிருந்து அதற்குக் கிருமியைக் கடத்த அவர்கள் பயன்படுத்திய பாலம் நம் வேலியில் படரும் அம்மையார் கூந்தல் கொடி. அங்கே இருந்த 'பூனா' கிருமியையும் தென்னாப்பிரிக்கக் கிருமியையும் ஒப்பிட்டு, 1994-ல் ஆசிய வகை, ஆப்பிரிக்க வகை என்று பேர் வைத்தார்கள். நம் புனேயின் பேர் அப்படித்தான் உலக ஆய்வில் ஏறியது.

இந்த வித்தியாசம் வெறும் பேரோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்க வகைக்கு வெயில் ஆகாது. ஆசிய வகை நம்ம சித்திரை வெயிலையும் தாங்கும். புதுச்சேரியிலிருந்து நம் மக்கள் கப்பலேறிப் போன ரியூனியன் தீவில் ரெண்டும் உண்டு: மலைமேல் ஆப்பிரிக்க வகை, கீழே வெப்பமான பகுதியில் ஆசிய வகை. பிரேசிலில் 2004-ல் மூன்றாவதாக அமெரிக்க வகை கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் அதுதான் அதிகம், பிறகு ஆசிய வகை முந்திவிட்டது.

நம்முடைய ஆசிய வகைக்குள்ளேயும் கிளைகள் உண்டு. 2009-ல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தார்கள், சுமார் 12 லட்சம் எழுத்துகள். அதில் ஓரிடத்தில் ஒரே எழுத்துத் தொடர் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை முறை வருகிறது என்பது கிருமிக்குக் கிருமி மாறும். வங்கியில் காலம் தள்ளிய எனக்கு இது கள்ள நோட்டின் வரிசை எண் மாதிரி தெரிகிறது. ரெண்டு ஊரில் பிடிபட்ட நோட்டுகளில் ஒரே எண் இருந்தால், ஒரே அச்சகமோ என்று சந்தேகப்படலாம் இல்லையா? நாக்பூர் மத்திய எலுமிச்சை இன ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் பல மாநில மாதிரிகளை இப்படி எண்ணிப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். நம் நாட்டில் ஒரே அச்சு இல்லை, பல அச்சுகள். இந்த எண் அடையாளம் மட்டும்தான், வீரியத்தின் அளவு அல்ல. பிசிஆர் பரிசோதனை எல்லா அச்சுகளிலும் மாறாத பகுதியைப் பார்ப்பதால், எந்த அச்சு என்றாலும் நோய் தெரிந்துவிடும்.

பூச்சி தானாகப் பறக்கும் தூரம் கொஞ்சம். மாநிலம் விட்டு மாநிலம் போக அதற்கும் கிருமிக்கும் வசதியான வண்டி ஒட்டுக்கன்று. தாய்மரத்தில் நோய் இருந்தால் ஒட்டு மொட்டிலும் வரும். சந்தையில் மலிவாகக் கிடைக்குதுன்னு ஊர் பேர் தெரியாத கன்றை வாங்காதீங்க. எலுமிச்சையை விதையிலிருந்தே வளர்க்கலாம், இந்த நோய் விதை வழியாகப் பரவுவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நாற்றைப் பூச்சிவலைக்குள் வையுங்க.

பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் மரத்துக்குத் தெம்பு தரும், கிரீனிங் வந்த மரத்தைக் குணப்படுத்தாது. இப்படி எழுதினால் நம் கூட்டங்களில் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் 2005-ல் நோய் தெரிந்த பிறகு ஆரஞ்சு விளைச்சலில் சுமார் 90 விழுக்காடு போய்விட்டது. அவர்களிடம் இல்லாத மருந்தா? உறுதியான மரத்தை, மனசு கேட்காவிட்டாலும், எடுத்துவிடுங்க. நிற்கும் வரை அது பக்கத்து மரங்களுக்குக் கிருமி வங்கி.

பூச்சி முட்டையிடுவது இளந்தளிரில் மட்டுமே, அதனால் தளிர் விடும் நேரத்தில் பாருங்க. கருவேப்பிலையிலும் அது பெருகும். மூலக்குளத்தில் என் வீட்டுக் கொல்லை உட்பட எங்கும் கருவேப்பிலையும் எலுமிச்சையும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. சில்லிட்டுக்கு எதிரி டமாரிக்ஸியா என்ற சின்னக் குளவி. அது நம்மூர்க் குளவிதான்: 1978-ல் இந்தியாவிலிருந்து ரியூனியனுக்குக் கொண்டுபோய் விட்டு, அங்கே நல்ல பலன் கண்டார்கள். பூச்சிக் குஞ்சு கழிக்கும் தேன் போன்ற திரவத்துக்காக எறும்புகள் காவல் நின்று குளவியை விரட்டும், அதனால் எறும்பு மரமேறாமல் தடுங்க. காய்ந்துபோன குஞ்சின் முதுகில் சின்ன வட்டத் துளை தெரிந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தக் கிளையில் கொஞ்ச நாளைக்கு வேப்பெண்ணெய்கூடத் தெளிக்க வேண்டாம்.